அரை வீட்டுத் தோல்வி

காபிக் கெட்டிலைக் கையில் பிடித்தபடி பியோ ஓக்நாம் அம்மாள் ஒரு மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார் என்றால், அந்த மேஜைக்காரர்களுக்குக் காபி ஆறினதுதான். ஊற்ற வந்தவர் ஊற்ற மாட்டார். ஒருவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணையே பார்ப்பார். அந்தக் கண் பலகையில் எந்தப் பக்கம் போகிறதோ, இவர் கண்ணும் பின்னாலேயே போகும். கடைசியில் "ம்ஹும்" என்று ஒரு சத்தம். பேரன் எடுத்த ஆம்பிளைகளுக்குக்கூட அந்தச் சத்தத்தில் காது மடல் சிவந்துவிடும்.

கொரியாவின் பூசான் நகரில், கப்பல் பட்டறைக்கு அடுத்த தெருவில், பன்றி எலும்பு சூப்பில் சோறு போட்டு விற்கிற கடைக்கு மேல் மாடி. அங்கேதான் ஓக்நாமின் பாதுக் கழகம். பாதுக் என்பது கறுப்புக் காயும் வெள்ளைக் காயும் மாறி மாறி வைத்துப் பலகையில் இடம் வளைக்கிற ஆட்டம். வளைத்துப் போட்ட இடத்தை 'வீடு' என்று எண்ணுவார்கள். யாருக்கு வீடு அதிகமோ அவர் ஜெயித்தவர். எதிராளியின் காய்கள் சுற்றிலும் அடைத்துக்கொண்டு மூச்சுவிட இடமில்லாமல் போன காய்க் கூட்டம் செத்தது, பலகையைவிட்டு வெளியேற வேண்டியதுதான். ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு படி உண்டு. பதினெட்டாம் படி என்றால் கத்துக்குட்டி, முதல் படி என்றால் கொம்பன். புதிதாக வருகிறவருக்குப் படி போடுவது அந்தந்தக் கழகத்தின் தலைவர், அதாவது 'வொன்ஜாங்'கின் உரிமை. மற்ற இடங்களில் சில ஆட்டம் ஆடவிட்டு, ஜெயித்ததையும் தோற்றதையும் கூட்டிக் கழித்துப் படி போடுவார்கள். ஓக்நாமிடம் போய், "வொன்ஜாங், நான் ஜெயிச்சிட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி.

"அதான் பலகையே சொல்லுதே? அதுக்கு நான் எதுக்கு? எதிராளி தூங்கி வழிஞ்சா தொட்டில் குழந்தைகூட ஜெயிக்கும். நீ எப்படி ஆடினே, அதைச் சொல்லு."

சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மரப் பெயர்ப்பலகைகள் படி வாரியாகத் தொங்குகின்றன. ஊரிலேயே கறாரான சுவர் அது. வேறிடத்தில் மூன்றாம் படியில் இருப்பவர் இங்கே ஐந்தாம் படிக்கு இறங்கித் தொங்குவார். எதிர்ச்சாரியில் இன்னொரு கழகம் உண்டு. அங்கே படியும் தாராளம், காபியில் சர்க்கரையும் தாராளம். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தவர்கள் அங்கே போவார்கள். போன வேகத்திலேயே திரும்பியும் வருவார்கள். தகுதிக்கு மேலே படி கிடைத்தால் தினம் தினம் உதைபட வேண்டியிருக்கிறதே! திரும்பி வருகிறவர்களை ஓக்நாம் ஒன்றும் கேட்க மாட்டார். கழற்றி வைத்த பெயர்ப்பலகையைத் துடைத்துப் பழைய ஆணியிலேயே மாட்டிவிடுவார்.

அவர் பார்க்கிற விஷயங்களே தனி. எதிராளி ஒரு காய் வைத்ததும், அந்தக் காயையே முறைத்துப் பார்க்கிறவர் எட்டாம் படியைத் தாண்ட மாட்டார். முதலில் பலகையின் மற்ற மூலைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அப்புறம் அந்தக் காய்க்கு வருகிறவருக்குத்தான் மேலே போக யோக்கியதை. மிரட்ட ஒரு இடம் கிடைத்தால் உடனே கை துருதுருக்கிறதா, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கத் தெரிகிறதா என்று பார்ப்பார். தோற்றுவிட்டது தோற்கிறவருக்கே எப்போது தெரிகிறது என்று பார்ப்பார். நாளைக்குத் தெரியவேண்டியது இன்றைக்கே தெரிந்தால் நல்ல படி. காயைப் பலகையில் ணங்கென்று அறைந்து வைக்கிறவர்களைப் பற்றி அவருக்கு அபிப்பிராயமே கிடையாது. "எங்க கக்கூஸ் கதவுகூடத்தான் சத்தம் போடுது" என்பார்.

கழகத்தைப் பூட்டிவிட்டு வெளியே வந்தாலும் இந்தப் பழக்கம் விடாது. ஊரில் அவர் படி போடாத ஆளே இல்லை. நகரப் பேருந்து ஓட்டுநர் ஏழாம் படி. முன்னால் போகிற வண்டியை மட்டும்தான் பார்க்கிறாராம். மீன் சந்தையில் கணவாய் விற்கிற பெண் இரண்டாம் படி. இன்று விலையைக் குறைத்தால் நாளை எவள் வந்து பேரம் பேசுவாள் என்பதுவரை யோசிக்கிறாளாம். தேவாலயப் போதகர் ஆறாம் படி. "நல்லாத்தான் ஆரம்பிக்கிறார். எங்கே முடிக்கிறதுன்னு தெரியல. முடிக்கத் தெரியாதவனுக்கு நான் எப்படிப் படி ஏத்துறது?"

இந்த விஷயத்தில் அவருடன் விடாமல் மல்லுக்கு நிற்பவர் குக் யோங்சே. பட்டறையில் கப்பலுக்கு வெல்டிங் வைத்து ஓய்வு பெற்றவர். எந்த ஆம்பிளையையும் 'முதலாளி' என்று கூப்பிடுவது அந்த ஊர் மரியாதை என்பதால், ஒரு பெட்டிக்கடைகூட இல்லாத இவரும் குக் முதலாளி. இவருடைய மருமகள் செல்போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்திருக்கிறாள். வைத்த ஒவ்வொரு காயும் எத்தனை சதவீதம் சரி என்று அது சொல்லும்.

"பாருங்க வொன்ஜாங், இது என்னை நாலாம் படிங்குது. நீங்க ஆறுல கட்டிப் போட்டிருக்கீங்க. மிஷினு பொய் சொல்லுமா?"

"மிஷினு நீ வச்ச காயைத்தான்யா பாக்குது. நீ வைக்கணும்னு துடிச்சு, பயந்து போயி வைக்காம விட்டியே, அதை யாரு பாக்குறது?"

குக் முதலாளி செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆறாம் படியிலேயே இருக்கிறார்.

ஓக்நாம் தப்பே செய்யாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு தடவை கன்னத்தில் கை ஊன்றியபடி ஒரு பெண் வந்து ஆடினாள். கண் எங்கேயோ, காய் எங்கேயோ. ஒன்பதாம் படி என்று எழுதி மாட்டிவிட்டார். அடுத்த வாரம் அதே பெண் வந்து மாடியில் இருந்த அத்தனை பேரையும் துவைத்துக் காயப்போட்டாள். போன வாரம் அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. ஓக்நாம் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. இஞ்சியும் உலர்ந்த சீமைப்பனிச்சம் பழமும் போட்ட பானத்தை ஒரு பெரிய கிண்ணம் நிறைய ஊற்றி அவள் முன்னால் வைத்துவிட்டு, "பல்லை அளக்க எனக்குத் தெரியாதும்மா" என்றார். அவருடைய வாயிலிருந்து வந்த ஒரே ஒப்புதல் வாக்குமூலம் அதுதான்.

ஆனால் அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அதைப் பற்றி மாடியில் யாரும் வாய் திறப்பதில்லை. ஓக்நாமுக்கு ஒரு கணவர் இருந்தார். இப்போதும் தேஜோன் பக்கம் எங்கோ இருப்பதாகக் கேள்வி. பழக ஆரம்பித்த நாளில் அந்த மனிதர் இவரிடம் பாதுக்கில் தோற்றுக்கொண்டே இருந்தார். இவருக்கு வாயெல்லாம் பல். கல்யாணத்துக்குப் பிறகும் எதற்கும் எதிர்ப்பேச்சு கிடையாது. நீ சொன்னா சரிதான், உன் இஷ்டம்தான், இப்படியே ஓடிற்று. "ஒரு நாளும் மறுத்துப் பேசாத மனுஷன். ஒரு நாள், மறுத்துப் பேசாமலே பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டான்" என்று ஓக்நாம் ஒரே ஒரு தடவை குக் முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். காயைப் பார்க்காமல் கண்ணைப் பார்க்கிற பழக்கம் அதற்கப்புறம்தான் வந்தது என்பது குக் முதலாளியின் கட்சி.

போன இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் நாரே ஒருவனை அழைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். பெயர் மேங் வான்சூ. கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் வேலை. புது கோட்டு, கழுத்தை நெரிக்கிற டை, கையில் பேரிக்காய்ப் பெட்டி. இவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நாரே முன்பே சொல்லியிருந்தாள். இன்னொன்றும் சொல்லியிருந்தாள்: "அம்மா, உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். அவரைப் பலகை முன்னாடி உக்கார வைக்காதே."

வான்சூ இடுப்பு முறிகிற அளவுக்குக் குனிந்து வணங்கினான். "வணக்கம்மா. ரொம்ப நாளா உங்களைப் பாக்கணும்னு..."

"இன்னும் அம்மா ஆகல. வொன்ஜாங்னே கூப்பிடு. பாதுக் தெரியுமா?"

"ஏதோ கொஞ்சம் தெரியுங்க. ஆறாம் படி இருப்பேன்."

"உக்காரு."

நாரே நெற்றியில் அடித்துக்கொண்டாள். குக் முதலாளி தன் ஆட்டத்தைப் பாதியில் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். ஓக்நாம் மூன்றாம் படி. ஆனால் புதிதாக வருகிறவருடன் முதல் ஆட்டம் சமமாகத்தான் ஆடுவார். வான்சூவுக்குக் கறுப்பு. கறுப்பு முதலில் வைக்கிறது என்பதால், அதற்கு ஈடாக வெள்ளைக்கு ஆறரை வீடு சும்மா கொடுக்க வேண்டும். அந்த அரை இருப்பதால் ஆட்டம் ஒருபோதும் சமனில் முடியாது. ஆக நெருக்கமான தோல்வி என்பது அரை வீட்டுத் தோல்வி.

வான்சூ அடக்க ஒடுக்கமாக ஆடினான். இடையிடையே "ஐயோ, இதை எப்படிச் சமாளிக்கிறது" என்று பின்கழுத்தைச் சொறிந்தான். ஓக்நாம் வைத்த சுமாரான காய்களுக்குக்கூட "அடேயப்பா" என்றான். ஆட்டம் முடிந்து வீடுகளை எண்ணிப் பார்த்தார்கள். அரை வீட்டில் தோற்றிருந்தான்.

"பரவாயில்லையே!" என்று குக் முதலாளி தொடையைத் தட்டினார். "நம்ம வொன்ஜாங்கிட்ட அரை வீடு! அஞ்சாம் படி குடுக்கலாம் வொன்ஜாங். ஏன், நாலாம் படியே குடுக்கலாம். கல்யாணப் பரிசா இருக்கட்டும்!"

நாரேவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வான்சூ கூச்சத்தோடு சிரித்தான். ஓக்நாம் சிரிக்கவில்லை. பலகையில் இருந்த காய்களை எல்லாம் வாரிக் கிண்ணத்தில் போட்டார். பிறகு முதல் காயிலிருந்து அதே ஆட்டத்தை ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்க ஆரம்பித்தார். ஆட்டம் முடிந்ததும் அதைத் திரும்ப வைத்துப் பேசுவது எல்லாக் கழகத்திலும் வழக்கம்தான். ஆனால் யாரும் இவ்வளவு மௌனமாக வைக்க மாட்டார்கள். பாதி ஆட்டத்தில் கை நின்றது. நடுப்பலகையில் ஒரு வெற்றிடத்தை விரலால் தொட்டார்.

"இந்த இடத்துல நீ வெட்டியிருந்தா என் கூட்டம் மொத்தமும் செத்திருக்கும். தெரியுமா, தெரியாதா?"

"கவனிக்கலைங்க."

"கவனிக்கலையா? உன் கண்ணு திரும்பத் திரும்ப அங்கதானே போச்சு. கை மட்டும்தான் போகல." கையோடு இன்னும் சில காய்களை வைத்தார். "சரி, இது? கடைசியில பெரிய இடம் ஒண்ணு திறந்து கிடக்கு, நீ போயி ஒண்ணுமில்லாத மூலையில ஒரு காயைச் செருகுறே. ஆறாம் படிக்காரன் இப்படித் தப்பு பண்ணுவான், நான் ஒத்துக்கிறேன். ஆனா அவன் அஞ்சு வீட்டுல தோப்பான், பத்து வீட்டுல தோப்பான். அரை வீட்டுல தோக்கணும்னா பலகை முழுக்க எண்ணி முடிச்சிருக்கணும்டா. எனக்கு முன்னாடி எண்ணியிருக்கே."

வான்சூவின் முகம் செத்துப்போயிற்று. மாடியே திரும்பிப் பார்த்தது.

"அப்ப பையன் எந்தப் படி?" என்று குக் முதலாளி குசுகுசுத்தார்.

"ஆட்டத்துல முதல் படி. பொய்யில அதுக்கும் மேல."

வான்சூ கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றிக்கொண்டான். ஒளிக்க இனி ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு கடகடவென்று கொட்டிவிட்டான். அவனுடைய பிரிவுத் தலைவருக்குப் பாதுக் என்றால் உயிர். "அவர் ஜெயிச்சாத்தாங்க நாங்க எல்லாரும் நேரத்தோட வீட்டுக்குப் போக முடியும். நான் பெரிசாத் தோத்தா, விட்டுக்குடுத்துட்டேன்னு கோவிச்சுக்குவார். அதனால எப்பவும் அரை வீடு. ஆபீஸ்ல எல்லாரும் கும்பிட்டுக் கேட்டுக்கிட்டு என்னைத்தான் அனுப்புவாங்க. கை அப்படியே பழகிப்போச்சுங்க."

"அட பாவி, சம்பளம் வாங்கிக்கிட்டுத் தோக்கிறியா!" குக் முதலாளிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "நான் இத்தனை வருஷமா இனாமாத் தோத்துக்கிட்டு இருக்கேனேய்யா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஓக்நாம் மட்டும் வான்சூவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என்கிட்ட எதுக்குத் தோத்தே? நானா உனக்குச் சம்பளம் குடுக்கிறேன்?"

"உங்களுக்கு என்னைப் பிடிக்கணும்னுதாங்க."

"அம்மா, விடேன்!" நாரே குறுக்கே வந்தாள். "உன்னைச் சந்தோஷப்படுத்தத்தானே தோத்தார். அது ஒரு குத்தமா?"

"உங்கப்பாவும் என்னைச் சந்தோஷப்படுத்தத்தான்டி தோத்தான்."

ஓக்நாம் மகள் பக்கம் திரும்பினார். "எதுக்கெடுத்தாலும் சரி சரின்னு சொல்றவனை நம்பவே முடியாதுடி. அவன் மனசுல என்ன இருக்குன்னு கடைசி வரைக்கும் தெரியாது. ஒரு நாள் காலையில எழுந்து பாத்தா ஆளே இருக்க மாட்டான். அது உனக்கும் நடந்தா என்னால தாங்க முடியாது. எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான்."

அந்த அம்மாள் பயம் என்ற வார்த்தையைச் சொல்லி மாடியில் யாரும் கேட்டதில்லை. குக் முதலாளி சட்டென்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"என்கிட்ட அவர் சரி சரின்னெல்லாம் சொல்றதில்லம்மா" என்றாள் நாரே. "வாயத் திறந்தா சண்டைதான். போன வாரம் நான் சூப்புல உப்பை அள்ளிக் கொட்டிட்டேனாம். ரெண்டு நாள் அதே பேச்சு."

"கொட்டத்தானே செஞ்சே" என்றான் வான்சூ, தன்னை மறந்து. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஓக்நாம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு சுவாரசியம் தெரிந்தது.

"அந்தச் சண்டையில ஜெயிச்சது யாரு?"

"அவர்தான்" என்றாள் நாரே எரிச்சலோடு.

"நீ சொன்னாப் போதாது. நான் பாக்கணும்." ஓக்நாம் காய்களை மறுபடி வாரினார். வெள்ளைக் கிண்ணத்தை வான்சூ பக்கம் தள்ளினார். "இன்னொரு ஆட்டம். ஒரு காய் நீ விட்டுக்குடுத்தேன்னு தெரிஞ்சாலும் பேரிக்காயத் தூக்கிக்கிட்டு இறங்கிப் போயிடு."

படி குறைந்தவர், வித்தியாசத்துக்குத் தக்கபடி சில காய்களை முன்கூட்டியே பலகையில் வைத்துக்கொள்ளலாம். வெட்கப்பட்டுக்கொண்டு செய்கிற காரியம் அது. ஓக்நாம் இரண்டு கறுப்புக் காய்களை எடுத்து எதிரெதிர் மூலைகளில் வைத்தார். அந்த மாடியில் அவர் எவரிடமும் முன்காய் வாங்கியதில்லை. குக் முதலாளி பக்கத்து ஆளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

வான்சூ கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான், டையைத் தளர்த்தினான். கொஞ்ச நேரம் பழைய வான்சூதான் ஆடினான். பிறகு எங்கேயோ ஓரிடத்தில் கழுத்தைச் சொறிவது நின்றது. "அடேயப்பா" நின்றது. கண் போன இடத்துக்கெல்லாம் கையும் போயிற்று. ஓக்நாம் பலகையின் ஓரத்தை ஒட்டிக் கட்டிய கூட்டத்தை இரண்டாகப் பிளந்தான். ஒரு பாதி தப்பித்தது, இன்னொரு பாதி நடுவில் மாட்டிக்கொண்டது. குக் முதலாளிக்கே தெரிந்துவிட்டது, அது பிழைக்காது என்று.

ஓக்நாமுக்கும் தெரிந்தது. வழக்கமாக இந்த இடத்தில் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் இழுக்கிறவர்களை அவரே பத்தாம் படிக்கு விரட்டிவிடுவார். ஆனால் அவர் நிறுத்தவில்லை. செத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு காயாக மூச்சு வாங்கிக் கொடுத்துக்கொண்டே போனார்.

"என்ன இது, நம்ம வொன்ஜாங்கா இப்படி?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

இன்னும் ஒரே ஒரு காய் வைத்தால் போதும், அத்தனை கறுப்பும் வெளியேற வேண்டியதுதான். வான்சூ அந்தக் காயை எடுத்தான். எடுத்த கை அந்தரத்தில் நின்றது. மெதுவாக நாரேயின் முகத்தைப் பார்த்தான்.

"அவ மூஞ்சியில என்ன எழுதியிருக்கு? பலகையப் பாரு" என்றார் ஓக்நாம்.

வான்சூ ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டான். காயை வைத்தான்.

மூச்சு அடைபட்ட காய்களைப் பலகையிலிருந்து எடுப்பது அவற்றைப் பிடித்தவரின் வேலை. அவனால் முடியவில்லை. வருங்கால மாமியாரின் பாதிப் படையைத் தன் கையால் அள்ள வேண்டும். விரல்கள் மடியிலேயே கிடந்தன, தலை குனிந்துவிட்டது, வாய் ஏதோ மன்னிப்புக்குத் தயாராயிற்று.

ஓக்நாம் மேஜைக்கு மேலாக எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். கையைத் தூக்கிக்கொண்டு வந்து, செத்துக் கிடந்த தன் காய்களின் மேல் வைத்து அழுத்தினார். அவன் விரல்கள் அவற்றை அள்ளி மூடுகிறவரை அவர் பிடியை விடவில்லை.